அரைத் தாள் கணக்கு

பையன்களுக்கு விகிதக் கணக்குக் கற்பிக்கும்போது நூறு ரூபாயையோ நூறு படி நெல்லையோ பங்கிட்டுக் காட்டுவது எங்கள் உபாத்தியாயர் வழக்கம். தேசங்களையும் அவ்விதம் பங்கிடலாம் என்பது எந்தக் கணக்குப் புஸ்தகத்திலும் இல்லை. ஆயினும் 1944-ஆம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி இரவு மாஸ்கோ நகரில் இரண்டு பெரிய மனிதர்கள் அதையும் செய்து முடித்தார்கள்.

பிரிட்டிஷ் பிரதம மந்திரி சர்ச்சில் ஓர் அரைத் தாளில் சில இலக்கங்களைக் குறித்தார். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு நூற்றுக்கு 90, மற்றவர்களுக்கு 10. கிரீஸில் பிரிட்டனுக்கு 90. பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75. யுகோஸ்லாவியாவிலும் ஹங்கேரியிலும் பாதிக்குப் பாதி. ஸ்டாலின் நீலப் பென்ஸிலால் பெரிதாக ஓர் அடையாளமிட்டு அதை அங்கீகரித்தார். லட்சோப லட்சம் ஜனங்களின் விதியை அலட்சியமாக முடித்ததாக உலகம் எண்ணுமே, தாளை எரித்துவிடலாமா என்று சர்ச்சில் கேட்டாராம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் ஸ்டாலின். சர்ச்சிலே தமது யுத்த சரித்திரத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார். அடுத்த இரண்டு நாளில் ஈடனும் மொலோடோவும் பேரம் பேசிச் சில இலக்கங்களைத் திருத்தினார்கள்.

இதே சர்ச்சில்தான் 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டுடன் சேர்ந்து அட்லாண்டிக் சாஸனத்தை வெளியிட்டவர். தங்கள் ஆட்சி முறையைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா ஜனங்களுக்கும் உண்டு என்றது அந்தச் சாஸனம். நம் நாட்டில் பலர் நம்பிக்கை கொண்டார்கள். மறு மாதமே பார்லிமெண்டில் எழுந்து, அது முக்கியமாக நாஜிகளிடம் அகப்பட்ட ஐரோப்பிய நாடுகளைக் கருதியது, இந்தியாவின் விஷயம் வேறு என்று சொல்லிவிட்டார். நமக்கில்லை என்ற சாஸனம் சுமார் மூன்று வருஷத்தில் ஐரோப்பியரில் பலருக்கும் இல்லாமற் போயிற்று!

ரஷ்யச் சேனை அதற்கு முன்பே ருமேனியாவிலும் பல்கேரியாவிலும் புகுந்துவிட்டது, கிரீஸையாவது காப்பாற்றினாரே என்று சர்ச்சிலுக்காக வாதிப்பவர் உண்டு. அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதன் விலையையும் பார்க்க வேண்டும். 1944 டிசம்பரில் ஏதென்ஸ் வீதிகளில், ஜெர்மானியரை எதிர்த்த கிரேக்க இடதுசாரிப் படையோடு பிரிட்டிஷ் சிப்பாய்கள் போரிட்டனர். ஸ்டாலின் வாய் திறக்கவில்லை. 1945 மார்ச்சில் ருமேனிய அரசர் மைக்கேல் ரஷ்யாவின் நிர்ப்பந்தத்தினால் அதற்கு உகந்த மந்திரிசபையை ஏற்றார். அப்போது பலமாகக் கண்டிக்கச் சர்ச்சிலுக்குத் தயக்கம்.

அரைத் தாளின் கூட்டலில் பிழையில்லை. தொண்ணூறும் பத்தும் நூறுதான். ருமேனியருக்கு ருமேனியாவில் எவ்வளவு பங்கு என்றுதான் அதில் எழுதவில்லை.