அறைக்கு முன்னால் தீவு

மாலத்தீவுக்குப் போகத் திட்டமிடும் குடும்பம் முதலில் பார்ப்பது அறையின் படத்தைத்தான். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடு, கண்ணாடித் தரைக்குக் கீழே மீன்கள், ஓர் இரவுக்கு 300 டாலர். மூன்று இரவுக்கு 900. சமாளித்துவிடலாம் என்று தோன்றும். அந்த 300 வரி சேராத விலை என்றால் கணக்கே வேறு. 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைமேல் 17 சதவீதச் சுற்றுலா ஜிஎஸ்டி, ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. இருவர் தங்கினால் அதே அறை 410 டாலர். தீவு தொலைவில் இருந்தால் கடல் விமானம் வேண்டும். போய்வர ஆளுக்கு 400 டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. 900 என்று போட்ட கணக்கு, சாப்பாட்டைச் சேர்க்கும் முன்பே 2,000-ஐத் தாண்டிவிடுகிறது. கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் மாலேயில் வந்திறங்குகிறவர் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவைக் கழிக்க வேண்டும். அதன் செலவு தனி.

ஆகவே, அறையைத் தேடுவதற்கு முன் தீவைத் தேட வேண்டும் என்பேன். அதில் முதல் கேள்வி, அங்கே ஊர் இருக்கிறதா இல்லையா என்பது.

1972-இல் குரும்பா ரிசார்ட்டோடு தொடங்கிய மாலத்தீவுச் சுற்றுலா, 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்ற ஏற்பாட்டில் வளர்ந்தது. ஆள் வாழாத தீவை அரசிடம் குத்தகைக்கு எடுத்து, மின்சாரம், குடிநீர் உட்பட எல்லாவற்றையும் விடுதியே உண்டாக்கிக்கொள்ளும். மது அங்கே கிடைக்கும். ஊர் உள்ள தீவுகளில் கிடைக்காது. இஸ்லாமிய நாடு தன் மரபையும் டாலரையும் ஒருசேரக் காத்துக்கொண்ட சாமர்த்தியமான திட்டம் இது. ஆனால், பல பத்தாண்டுகள் சுற்றுலாப் பயணிகள் மாலத்தீவுக்காரர் வீட்டு வாசலைக்கூடப் பார்க்காமல் திரும்பினார்கள். உள்ளூர்க்காரருக்கு அந்தத் தொழிலில் பணியாளர் வேலைதான் பெரும்பாலும் மிஞ்சியது. அதிபர் முகமது நஷீத் ஆட்சியில்தான் ஊர்த்தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த வழி திறந்தது. சிறைச்சாலைக்குப் பேர்போன மாஃபுஷி இன்று கெஸ்ட் ஹவுஸ்களால் நிரம்பியிருக்கிறது.

இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் ஊர்த்தீவையே சொல்வேன். செலவு பல மடங்கு குறையும் என்பது ஒரு காரணம். 50 அறைக்கு மேற்படாத விடுதிகளில் பசுமை வரியும் பாதி, 6 டாலர்தான். அதைவிட முக்கியம், அங்கே சாப்பிடும் மாஸ் ஹுனியின் காசு அந்த ஊரிலேயே தங்குகிறது. (மாசிக் கருவாட்டின் ருசி அறிந்தவருக்குத் தேங்காயும் சூரை மீனும் பிசைந்த அந்தக் காலை உணவு அந்நியமாகத் தெரியாது. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு போகிற நாடுதானே!)

அதற்காக ஊர்த்தீவைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். நீச்சலுடையில் குளிக்க 'பிகினி பீச்' என்று ஒதுக்கிய இடம் மட்டும்தான். சில தீவுகளில் அது சின்னத் துண்டு. வெள்ளிக்கிழமை அரசுப் படகு பெரும்பாலும் ஓடாது. அன்று விமானம் பிடிக்க வேண்டியவர் விரைவுப் படகுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். மது இல்லாமல் விடுமுறை இல்லை என்பவர் ரிசார்ட்டுக்கே போவது நல்லது. மாஃபுஷியோ தன் வெற்றியிலேயே மூச்சுத் திணறுகிறது. அமைதி தேடுகிறவருக்கு அது ஏற்றதல்ல. தர்ப்பூசணியும் பப்பாளியும் விளையும் தொட்டூ, குப்பையை ஒழுங்காகக் கையாண்டு பேர் வாங்கிய உகுல்ஹாஸ், திமிங்கலச் சுறாவைப் பார்க்கப் படகேறும் நீண்ட திகுரா என்று வேறு ஊர்கள் இருக்கின்றன.

விளம்பரப் படத்தில் வராத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, பவளத்திட்டு. கரையிலிருந்து நீந்தியே பவளத்தை எட்ட முடியுமா, அல்லது ஒவ்வொரு முறையும் படகுக்குப் பணம் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். காயலில் மணலைக் கொட்டி உருவாக்கிய தீவுகளில் அழகான நீலத் தண்ணீர் இருக்கும். பார்க்க மீன் அதிகம் இருக்காது. இயற்கைத் தீவிலும் 1998, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளிறிச் செத்த பவளம் எவ்வளவு மீண்டிருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

இன்னொன்று, காற்று. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வாடை. கடல் அடங்கியிருக்கும், விலை ஏறியிருக்கும். மே முதல் தென்மேற்குக் காற்று வீசும்போது மேற்குக் கரையில் அலை எழும்பும். பல தீவுகளில் மணலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம்பெயரும். ஜனவரியில் எடுத்த படத்தை நம்பி ஜூலையில் போகிறவருக்கு அறைக்கு முன்னால் கடற்கரைக்குப் பதில் மணல் மூட்டைகள் காத்திருக்கலாம். அதே ஜூலையில் பா அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிஃபாரு வளைகுடாவில் மந்தா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வருகின்றன. அவற்றைப் பார்க்க விரும்புகிறவர் மழையைப் பொறுத்துக்கொண்டு, பக்கத்து ஊரான தரவந்தூவில் ஓர் அறையை எடுத்துக்கொண்டால் போதும்.