இருமல் இல்லாமலும் வரும் கோவிட்

2021 ஆகஸ்ட் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்போங் ராஜாவிலிருந்து பெரியம்மா போன் செய்தார். "தம்பி, ரெண்டு நாளா வயிறு சரியில்ல. அஞ்சாறு தடவ போயிடுச்சு. ஞாயித்துக்கிழம ஆக்குன முட்டைக்கோஸ் ஒத்துக்கலன்னு நெனைக்கிறேன்."

இருமல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. மூச்சு வாங்குகிறதா? இல்லை. காய்ச்சல்? "லேசா கதகதன்னு இருக்கு, குளிருக்கு அப்படித்தான் இருக்கும்." ஓஆர்எஸ் கலந்து குடியுங்கள், கஞ்சி சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஈப்போவில் எனக்காகக் காத்திருந்த நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டேன். அன்று நான் பார்த்தவர்களில் பாதிப்பேர் கோவிட் நோயாளிகள். இருந்தும் பெரியம்மாவுக்கும் அது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கம்போங் ராஜா, கேமரன் மலையின் வடகோடியில் இருக்கிறது. சிம்பாங் பூலாய் சாலையில் ஏறினால் ஈப்போவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஈப்போ பேராக்கில், கம்போங் ராஜா பகாங்கில். மாநிலம் கடக்கத் தடை இருந்த காலம் அது. அந்த ஆண்டு அக்டோபர் 11-இல்தான் தடை நீங்கியது. அதுவரை எங்களுக்குப் போன்தான் துணை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பேசினோம். வயிற்றுப்போக்கு நின்றிருந்தது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. "டீ கூட வெந்நீர் மாதிரி இருக்கு தம்பி" என்றார். புளூ வேலி தோட்டத்தில் பல வருடம் கொழுந்து எடுத்தவர். அவருக்கு டீ ருசிக்கவில்லை என்றதும்தான் எனக்கு உறைத்தது.

அண்ணி பிரிஞ்சாங் பார்மசியில் பரிசோதனைக் கருவி வாங்கி வந்தார். இரண்டு கோடு. விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு 91. உடனே மருத்துவமனையில் சேர்த்தோம். பத்து நாளில் பெரியம்மா வீடு திரும்பினார். அதே வாரம் இருமலோடு சேர்க்கப்பட்ட பெரியப்பா திரும்பவில்லை.

யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நான்கு நாளும் பெரியம்மாதான் சமைத்தார். பெரியப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். ஒரே அறையில் படுத்தார். "ஒருமுறை சோதித்துப் பாருங்கள், அதுவரை தனியாக இருங்கள்" என்று நான் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் இது அப்போது புதிய செய்தி அல்ல. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட முதல் நோயாளிக்கே குமட்டலும் வாந்தியும் இருந்தன. பிறகு வயிற்றுப்போக்கும் வந்தது. அவருடைய மலத்திலும் கிருமியின் மரபணுத் தடயம் இருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் சீனாவின் ஹூபே மாநிலத்து நோயாளிகள் 204 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று வந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் செரிமானக் கோளாறு இருந்தது. பெரும்பாலோருக்குப் பசியின்மை, மற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி, வயிற்று வலி. இவர்கள் நோய் தொடங்கி சராசரியாக 9 நாள் கழித்தே மருத்துவமனைக்கு வந்தார்கள். வயிற்றுத் தொல்லை இல்லாதவர்கள் 7.3 நாளில் வந்துவிட்டார்கள். வயிறுதானே என்று இருந்ததில் கிட்டத்தட்ட இரண்டு நாள் போய்விட்டது.

சுவாச நோய் வயிற்றுக்கு எப்படிப் போகிறது? இந்தக் கிருமி நம் உடலின் செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நுரையீரலில் இருக்கும் அந்தப் புரதம் சிறுகுடலின் உட்சுவரில் ஏராளமாக இருக்கிறது. அதனால்தான் சிலருக்கு இருமலுக்கு முன்பே வயிறு கலங்குகிறது. தொண்டையில் கிருமி மறைந்த பிறகும் சிலரின் மலத்தில் தடயம் நீடிப்பதும் அதனால்தான். 2020-இலேயே நெதர்லாந்தில் கழிவுநீரைச் சோதித்து ஊரில் தொற்று இருப்பதைக் கண்டார்கள். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கோவிட் முக்கியமாகப் பரவுவது மூச்சுக் காற்றின் வழியாகத்தான். கழிப்பறைக்குப் போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

வயிற்றுப்போக்கு எல்லாமே கோவிட் அல்ல. பெரும்பாலும் உணவோ வேறு கிருமியோதான் காரணம். ஆனால் வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் இருந்தாலோ, வயிற்றுக் கோளாறோடு உடல் வலியும் அசதியும் சேர்ந்தாலோ ஒருமுறை சோதித்துவிடுங்கள். ருசியும் மணமும் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இப்போதைய திரிபுகளில் அந்த அறிகுறி குறைந்துவிட்டது.

சுக்குக் கசாயமும் ஓமத் தண்ணீரும் வயிற்றுக்கு இதமாக இருக்கலாம், குடியுங்கள். ஆனால் இழந்த உப்பை அவை ஈடுகட்டாது. 100 பிளஸும் ஓஆர்எஸுக்கு ஈடாகாது, அதில் உப்பு குறைவு. பார்மசியில் ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள்.

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ நீடித்தால், எந்த மாத்திரையைத் தொடர்வது, எதை நிறுத்தி வைப்பது என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் 95-க்குக் கீழே இறங்கினாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை முடித்துக்கொண்டது. கிருமி இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. நம்மில் பலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறோம். பெற்றோர் தோட்டத்திலும் சிற்றூரிலும் இருக்கிறார்கள். அங்கிருந்து "வயிறு சரியில்ல" என்று போன் வந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். அதோடு போனை வைத்துவிடாதீர்கள்.