சரளை மண்ணில் பூச்செடி வளராதா?

கோவையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மனை வாங்கி வீடு கட்டுவோரிடையே, சரளையும் சுக்காங்கல்லும் நிறைந்த தரையில் பூச்செடி தழைக்காது என்றும், லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, எருவிட்டு, நாள்தோறும் நீர் பாய்ச்சினால்தான் முற்றம் பசுமை காணும் என்றும் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மஞ்சளுக்கும் வாழைக்கும் பொருந்தும் விதியை எல்லாச் செடிகளுக்கும் உரியதாக்குவது பெரும்பிழை.

கொங்கு நாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு வறண்டு வந்துசேரும் நிலப்பரப்பில் அமைந்துள்ளது. பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலையோடு சேர்க்கும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும், காங்கயம், தாராபுரம் வட்டாரக் கொறங்காடுகளின், அதாவது கிளுவை வேலியிட்டுக் கால்நடை மேய்க்கும் மானாவாரி நிலங்களின், ஓரங்களில் தாமே முளைத்தவை. எவரும் அவற்றுக்கு எருவிட்டதில்லை. ஆண்டுதோறும் அவற்றை வாசலில் கட்டும் மக்களே அம்மண்ணில் பூ வளராது எனக் கருதுவது பொருந்தாது.

இச்செடிகளின் அமைப்பே வறண்ட மண்ணுக்கும் முழுவெயிலுக்கும் ஏற்றது. ஆவாரையின் ஆணிவேர் சரளையைத் துளைத்து ஆழத்து ஈரத்தைத் தேடுகிறது. கடினமான உறையுடைய விதை நல்ல மழைக்காக மண்ணில் காத்திருக்கிறது. அதன் பூவில் தேன் இல்லை. மகரந்தப்பையின் நுனித்துளையிலிருந்து கருவண்டு தன் உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்த்துக்கொள்கிறது. கத்தரித்த புல்தரையில் அவ்வண்டுக்கு இரையேதும் இல்லை. தழைச்சத்து மிகுந்தால் இத்தகைய செடிகளில் இலை பெருகிப் பூ குறையும். நீர் தேங்கினால், வறட்சி தாங்கும் நித்தியகல்யாணியின் வேரும் அழுகும். கொட்டிய மண்ணோடு கோரைக் கிழங்கும் பார்த்தீனிய விதையும் வந்திறங்கும்.

வறட்சி தாங்கும் எதனையும் நடலாம் என்பது இதன் பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று நீலகிரிக் காடுகளிலும் புதராக மண்டிக் கிடக்கிறது. இம்மண்ணுக்குரிய ஆவாரையையும் பூளையையும் ஐப்பசி மழையை ஒட்டி நேரடியாக நெருக்கி விதைத்து, ஆவாரையை முழங்கால் உயரத்தில் கவாத்துச் செய்துவந்தால், அவை நிலப்போர்வையாக, அதாவது மழைத்துளியின் வேகத்தைத் தாங்கி மண்ணரிப்பைத் தடுக்கும் செடித்தொகுதியாக நிலைபெறும். கோடையில் பூளை காய்ந்து தரை வெளுக்கும் என்பது உண்மையே. மழை கண்டதும் மீண்டும் முளைக்கும் செடிக்கு அது குறையாகாது.

எங்கோ ஓரிடத்தின் மேல்மண்ணை அகழ்ந்து, அது வேண்டாத இன்னோரிடத்தில் கொட்டுவது, ஒரு முற்றத்தின் பசுமைக்காக இரண்டு நிலங்களைக் கெடுப்பதாகும். அவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும்.