தமிழனுக்குத் தமிழ்நாட்டில் நுழைவிசைவா?

கிண்டித் தொழிற்பேட்டைக்குள் ஆலந்தூர்ச் சாலை வழியே நடப்பார், தமிழ்நாட்டரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைக் காண்பர். 1978ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்றது அது. தமிழிளைஞர் ஏமாற்றுத் தரகர் கையிற் சிக்காது வளைகுடா நாடுகளுக்கும் பிறநாடுகளுக்கும் சென்று பிழைக்க வழிசெய்வது அதன் பணி. நல்ல பணியே, அதனைக் குறைகூற யாம் இவ்வுரையை எழுதவில்லை. ஆனால், அதே பேட்டையில், அந்நிறுவனத்திற்குக் கூப்பிடு தொலைவிலுள்ள ஓர் இரும்புப் பட்டறையில், பொறியியற் பட்டம் பெற்ற தமிழிளைஞன் ஒருவன் நாட்கூலிக்கு நிற்கின்றான். கடல்கடந்து சென்ற தமிழனுக்கு வேலை தேடித்தரும் கிண்டியில், கடல்கடந்து வந்த தமிழன் மகனுக்கு வேலை இல்லை. அப்பேட்டைக்குத் திரு.வி.க. பெயர் சூட்டப்பெற்றுள்ளது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்து முன்னின்று உழைத்த தமிழ்ப் பேராசான் அவர். பெயர்ப்பலகையைக் காணுந்தோறும் எமக்கு நெஞ்சு சுடுகின்றது.

அவ்விளைஞன் எம்மிடம் தமிழ் பயின்றவன். யாம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளியொன்றிற் பணியாற்றியபோது, ஈழத்தமிழர் முகாமிலிருந்து வந்து முதல் வரிசையில் அமர்வான். 2021இல் கிண்டியையடுத்த ஒரு பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தான், 2025இல் தேறினான். கல்லூரிக்கே வந்து ஆளெடுத்த நிறுவனம் ஒன்று எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் அவனைத் தேர்ந்துகொண்டது. பின்னர் ஒரு படிவம் வந்தது. அதில் குடியுரிமை என்றொரு கட்டம், கடவுச்சீட்டு எண் என்றொரு கட்டம். இரண்டையும் வெறுமையாக விட்டு அனுப்பினான். அதன்பின் அந்நிறுவனத்தினின்று ஒரு சொல்லும் வரவில்லை. எந்த நிறுவனம் என்று இங்கு எழுதுவதாற் பயனில்லை. அவ்விடத்து வேறெந்த நிறுவனம் இருந்திருப்பினும் அதே கட்டந்தான் இருந்திருக்கும்.

1983ஆம் ஆண்டு இனப்படுகொலையின்பின் நம் கரைசேரத் தொடங்கிய ஈழத்தமிழருள், இன்றும் ஏறத்தாழ 58,000 பேர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். முகாமுக்கு வெளியே வாழ்வார் 30,000க்கும் மேற்பட்டோர். முன்பு 'அகதிகள் முகாம்' என்றிருந்த பெயர் 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. பெயரைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் சிறிது பேசுதல் பிழையாகாது. அகதி என்பது வடசொல். கதியற்றவன் என்று பொருள். அதனை விலக்கி நாம் 'ஏதிலி' என்று எழுதி வருகின்றோம். ஆனால் வள்ளுவர் காலந்தொட்டு ஏதிலார் என்றால் அயலார் என்றன்றோ பொருள்? தூய தமிழ்ச்சொல்லைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், உடன்பிறந்தாரை அயலார் என்று அழைக்கின்றோம் என்பதை மறந்துவிட்டோம். யாமும் முப்பதாண்டு அச்சொல்லையே எழுதியவன். இனி எழுதுவதாக இல்லை.

சட்டமோ அவர்களுக்கு இன்னுங் கொடிய பெயரொன்றை வைத்திருக்கின்றது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் ஒரு திருத்தம் செய்தனர். உரிய கடவுச்சீட்டும், விசா என்று ஆங்கிலத்தார் வழங்கும் நுழைவிசைவும் இன்றி நாட்டினுள் நுழைந்த அயல்நாட்டான் 'சட்டப்புறம்பான குடியேறி' ஆவான் என்பது அத்திருத்தம். அப்பெயர் ஒட்டிக்கொண்டவன், எத்தனை ஆண்டு இங்கு வாழினும், பதிவின்வழியோ நெடுநாள் உறைவின்வழியோ குடியுரிமை வேண்ட முடியாது. குண்டுமழைக்கு நடுவே மன்னார்க் கரையில் படகேறிய தாய், கையிற் குழந்தையோடு எந்த அலுவலகத்திற்குச் சென்று நுழைவிசைவு வாங்கியிருப்பாள்? 1951ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடாமையால், புகலிடந் தேடி வந்தவரை வேறுபடுத்திக் காணும் தனிச்சட்டமும் இங்கில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்காளதேயம் எனும் மூன்று நாட்டினின்று வந்த சில சமயத்தார்க்கு மட்டும் அத்தடையை நீக்கிற்று. இலங்கை அப்பட்டியலில் இல்லை.

இனி, எம் மாணவன் கதையை ஏன் எடுத்தோம் என்பதைக் கூறுகின்றோம். அவன் வேலை கைநழுவிய செய்தியறிந்து அவன் வீட்டிற்குச் சென்றோம். தாயிடம் பேசிக்கொண்டிருக்கையில், "நீங்கள் எந்த ஆண்டு இங்கு வந்தீர்கள், அம்மா?" என்றோம். "நான் வரயில்லை ஐயா, இஞ்சதான் பிறந்தனான். மண்டபம் முகாமில. எண்பத்து நாலாம் ஆண்டு" என்றார். நாற்பதாண்டாக எவரும் அவரிடம் இவ்வினாவைக் கேட்டதில்லை! முகாம் பதிவேட்டில் பெற்றோரைப் பின்பற்றி அவரையும் இலங்கையர் என எழுதிவிட்டனர். அவரும் அவ்வாறே நம்பி வாழ்ந்துவிட்டார்.

அன்பர்கள் இவ்விடத்தைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும். இச்சட்டத்தின்படி, 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்திய மண்ணிற் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாற் குடிமக்களே. அயல்நாட்டுத் தூதர் மக்கள் போன்ற சிலர்க்கே விலக்கு. 1987 சூலை 1 முதல் 2004 திசம்பர் 2 வரை பிறந்தவர்க்குத் தாய்தந்தையருள் ஒருவர் குடிமகனாயிருத்தல் போதும். 2004 திசம்பர் 3 முதற் பிறந்தவர்க்கோ, இருவரும் குடிமக்களாயிருத்தல் வேண்டும். அன்றி, ஒருவர் குடிமகனாயின் மற்றவர் சட்டப்புறம்பான குடியேறியாயிருத்தல் கூடாது.

இவ்வளவுகோலை அக்குடும்பத்தின்மேல் வைத்துப் பாருங்கள். தாய் 1984இல் மண்டபத்திற் பிறந்தவர், குடிமகள். மகன் 2003இற் பிறந்தவன். தாய் குடிமகளாதலால் அவனும் குடிமகன். தந்தை 1990இற் படகில் வந்தவர். சட்டத்தின் கண்ணிற் புறம்பானவர். 2006இற் பிறந்த மகள்? அவள் எந்நாட்டாளும் அல்லள். ஒரு வயிற்றிற் பிறந்த இருவரில் அண்ணன் இந்நாட்டான், தங்கையோ நாடற்றவள். இடையில் வந்தது ஒரு திருத்தத்தின் நாட்குறி மட்டுமே.

இது எம் கற்பனைச் சட்டமன்று. மண்டபத்தில் 1986இற் பிறந்த ஒரு பெண்மணி, கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு, மதுரை உயர் வழக்குமன்றக் கிளையை அடைந்தார். 2022 ஆகத்துத் திங்களில், அவர் பிறப்பாற் குடிமகள் எனவும் கடவுச்சீட்டு வழங்குக எனவும் நடுவர் சி.ஆர்.சுவாமிநாதன் ஆணையிட்டார். 2024 ஏப்பிரல் 19ஆம் நாள் நாடாளுமன்றத் தேர்தலில், திருச்சிராப்பள்ளியில் அவர் வாக்களித்தார். முகாமிற் பிறந்து அங்கேயே வளர்ந்தவர்! வழி இருந்தது, நடக்கத் துணிந்தவர் அவர். அவரைப்போல் 1987க்கு முன் முகாம்களிற் பிறந்தோர் இன்னும் எத்துணையர்? அவருள் எத்துணையர் தம் பிறந்தநாளே தம் உரிமை என்பதை அறிவர்?

மலையகத் தமிழர் நிலை வேறு. 1964 அக்தோபர் 30இல் சாத்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்பியது. தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றது. வருதற்குரியவராயிருந்தும் வர இயலாது, பின்னர்ப் படகில் உயிர்தப்பி வந்தவர், முன்னை உரிமையை இழந்து முகாமில் அடைபட்டனர். அவருள் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 சூனில், அதே நடுவர் அவர்தம் வேண்டுகையை மாவட்ட ஆட்சியர்வழிப் பெற்று நடுவணரசு ஆய்ந்து முடிவுசெய்தல் வேண்டும் என்றார். சக்மா மக்கள் வழக்கில் உச்ச வழக்குமன்றம் 1996இற் கூறியதும் இத்தகையதே. அருணாசலப் பகுதியில் உள்ளூர் அலுவலர் அவர்தம் வேண்டுகைகளை மேலே அனுப்பாது முடக்கினர். அனுப்பியே ஆகவேண்டும் என்று மன்றம் பணித்தது; உயிர்க்காப்புரிமை குடிமகனுக்கு மட்டுமன்று, இந்நாட்டில் வாழும் எவர்க்கும் உண்டு என்றும் கூறிற்று.

2025ஆம் ஆண்டில் இரு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மே 19ஆம் நாள், உலகத்து ஏதிலியர்க்கெல்லாம் இடந்தர இந்நாடு அறச்சாலையன்று என்னும் கருத்துப்பட உச்ச வழக்குமன்ற அமர்வொன்று பேசிற்று. முகாம்களில் அச்சம் பரவியது. ஆனால் அது, சிறைத்தீர்ப்புப் பெற்று நாட்டைவிட்டு அனுப்பப்படவிருந்த ஒருவர் வழக்கிற் கூறப்பட்டது. எல்லார்க்கும் உரிய சட்டமன்று. செப்தம்பர்த் திங்களிலோ, 2025ஆம் ஆண்டுக் குடிவரவு, அயல்நாட்டார் சட்டம் நடைமுறைக்கு வந்தவுடன், நடுவணரசு ஒரு விலக்காணை வெளியிட்டது. 2015 சனவரி 9ஆம் நாள்வரை இங்கு அடைக்கலம் புகுந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இன்மைபற்றி அச்சட்டத்தின் பிடிக்கு ஆளாகார் என்பது அது. அச்சட்டப்படி உரிய ஆவணமின்றி நுழைவார்க்கு ஐந்தாண்டுவரை சிறையும், ஐந்து இலக்கம் உருவாவரை தண்டமும் உண்டாதலின், இவ்விலக்கு மெய்யாகவே ஓர் ஆறுதல். இனிப்பு வழங்கிக் கொண்டாடியவரை யாம் பழியோம். எனினும், ஒன்று தெளிவாதல் வேண்டும். சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பது வேலைக்கு எடுத்துக்கொள்க என்பதாகாது. குடியுரிமைச் சட்டத்திலுள்ள 'சட்டப்புறம்பான' என்னும் சொல் இருந்தவிடத்திலேயே இருக்கின்றது. கிண்டி நிறுவனத்தின் படிவத்துக் கட்டமும் அவ்வாறே.

வேலைக்கு வழியே இல்லையா எனின், நடுவணரசு 2011 திசம்பரில் வகுத்த நடைமுறையொன்று உண்டு. ஏதிலியர் எனத் தக்கவர்க்கு நெடுங்கால நுழைவிசைவு தரலாம். அது பெற்றவர் தனியார் நிறுவனத்தில் வேலை செய்யலாம். நம் முகாம்களில் வாழ்வார் பெரும்பாலார் கையில் அத்தாள் இல்லை. தமிழ்நாட்டரசு உதவித்தொகையை 2021இல் உயர்த்திற்று; குடும்பத் தலைவர்க்குத் திங்களுக்கு 1,500 உருவா. வீடு கட்டித் தருகின்றது, கல்விக்கும் செலவிடுகின்றது. இவையெல்லாம் வயிற்றுக்கும் கூரைக்கும் ஆவன. பொறியியல் படிக்கவைத்த பிள்ளையைப் பட்டறையில் நிறுத்தாதிருக்கப் பொருள் போதாது; வழக்கறிஞர் வேண்டும்.

அவ்வழக்கறிஞரைக் கட்டணமின்றித் தருதற்கும் சட்டம் இருக்கின்றது என்பதுதான் வியப்பு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். பெண்டிர், குழந்தைகள், சிறையிலிருப்போர் என அடுக்கி வரும் அப்பட்டியலில், இன வன்முறையால் தாம் செய்யாக் குற்றத்திற்குத் துன்புற்றோர் என்றும் உளது. அங்கே 'குடிமகன்' என்னும் சொல் இல்லை. 'ஒவ்வோர் ஆளும்' என்றே உளது. ஈழத்தமிழரைவிட அவ்விலக்கணத்திற்குப் பொருந்துவார் வேறு யாவர்? மாவட்டந்தோறும் அவ்வாணைக்குழு இயங்குகின்றது. ஆயினும், முகாமின் வாயிலுக்கு அது செல்வதில்லை. முகாமிலுள்ளாரும் அதன் வாயிலுக்குச் செல்ல அஞ்சுகின்றனர். படிவமோ ஆங்கிலத்தில். கையொப்பமிட்டால் உள்ளதும் போய்விடுமோ என்னும் அச்சம் வேறு. கற்ற நாம் அருகிலிருந்து தமிழில் விளக்கியிருந்தால் அவ்வச்சம் என்றோ நீங்கியிருக்கும். மேடையில் ஈழம் என்று முழங்கியவர் பலர். முழங்கிய யாமும் ஒருவரே. முகாமுக்குச் சென்று ஒரு பிறப்புச்சான்றைத் தேடிக்கொடுத்தவர் எத்துணையர்?

எம் இயக்கத்து வழக்கறிஞர்களை யாம் வேண்டுவது இது. உம் ஊர்க்கு அண்மையிலுள்ள முகாமுக்கு, ஞாயிறன்று, ஒரு குறிப்பேட்டுடன் செல்லுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று வினா கேளுங்கள்: பிறந்தது எங்கே, எந்த நாள், அதற்குத் தாள் உண்டா? 1987 சூலைக்கு முன் இங்குப் பிறந்தோர் பெயரை முதலிற் குறியுங்கள். அடுத்து, அவர்தம் மக்களுள் 2004 திசம்பருக்கு முற்பிறந்தோர். மருத்துவமனைப் பதிவு, ஊராட்சிப் பிறப்புப் பதிவு, முகாம் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு ஆகிய நான்கினும் தேடுங்கள். பள்ளிப் பதிவேட்டைத் தேடுவதில் ஆசிரியப் பெருமக்கள் உதவலாம். அது நம் பெட்டியிலேயே இருப்பது.

பிந்திப் பிறந்த பிள்ளைகட்கு வழக்காடவும் ஓரிடமுண்டு என்று வழக்கறிஞ நண்பர் ஒருவர் கருதுகின்றார். சட்டத்தின் இலக்கணம் நாட்டினுள் 'நுழைந்த' அயலான் என்பது. இங்கேயே பிறந்த குழந்தை எந்நாளில், எக்கரை வழியே நுழைந்தது? எழுவாயும் பயனிலையும் கற்பிக்கும் எமக்கு இவ்வினா பிடித்திருக்கின்றது. மன்றம் என்ன சொல்லுமோ, கேட்டுத்தான் அறிதல் வேண்டும்.

எம் மாணவனின் தாய்க்குப் பிறப்புப் பதிவின் படி கிடைத்துவிட்டது. மண்டபம் ஊராட்சியில் இருமுறை அலைந்து பெற்றான். மை மங்கியிருப்பினும் நாளும் ஊரும் தெளிவாக உள. தாய்க்கும் மகனுக்கும் கடவுச்சீட்டு வேண்டும் மடல்கள் அணியமாகிவிட்டன. தங்கை இவ்வாண்டு செவிலியர் கல்லூரியில் இரண்டாமாண்டு. அவளுக்குரிய மடலை எந்தப் பிரிவின்கீழ் எழுதுவது என்று அண்ணன் எம்மைக் கேட்டான். அவ்வழக்கறிஞரிடம் வருகின்ற ஞாயிறு அழைத்துச் செல்கின்றோம்.