நின்றால் நடுங்கும் காடி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போவதென்றால் ஃபெடரல் ஹைவேயில் நின்று நின்றுதான் போகவேண்டும். ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலுக்கு அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் அவருடைய பேரப்பிள்ளைகளையும் எங்கள் ஏழு இருக்கை வண்டியில் அழைத்துப் போவது வாரா வாரம் நடப்பது. மூன்று மாதத்துக்கு முன்பு அப்படிப் போனபோது, துன் சம்பந்தன் சாலை சிக்னலில் அம்மா சொன்னார்: "என்னம்மா, காடி குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குது?"

முன்கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரத்தைப் பார்த்தேன். அதன் நுனி சீராக ஆடவில்லை. சும்மா இருந்து, திடீரென்று துள்ளி, மறுபடியும் சும்மா இருந்தது. பச்சை விழுந்து எண்ணெயை மிதித்ததும் துள்ளல் நின்றுவிட்டது. அடுத்த சிவப்பில் திரும்ப வந்தது.

என்ஜின் 'மிஸ் அடிக்குது' என்று நாம் சொல்வது இதைத்தான். வண்டி நிற்கும்போது என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 சுற்று சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் எரிகிறது. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 25 எரிப்பு. அதில் சில தவறினால் உடனே உடம்புக்குத் தெரியும். வேகமாகப் போகும்போது சுழற்சியின் வேகமே அந்தக் குறையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஓடும்போது ஒன்றும் தெரியாத கோளாறு, நின்றால் தெரிகிறது.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினார்கள். பி0300 என்று வந்தது. நான்கு பிளக்கும் மாற்றினார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, அல்லது நன்றாக இருப்பதாக நான் நம்பினேன். அடுத்து வேறோர் இடத்தில், பிளக்குக்குப் பொறி தரும் காயில் போய்விட்டது என்றார்கள். நான்கு காயிலுக்கு 480 வெள்ளி. பழையதைக் கேட்டு வாங்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு பின்னால் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமையும் சரம் துள்ளியது.

பி0300 என்ற எண் சொல்வது இவ்வளவுதான்: எரிப்பு தவறுகிறது, ஆனால் ஒரே சிலிண்டரில் அல்ல, அங்கங்கே. பி0301 முதல் பி0304 வரை வந்திருந்தால் எந்தச் சிலிண்டர் என்று தெரிந்திருக்கும். அப்போதுகூட உடனே காயில் வாங்க வேண்டியதில்லை. மூன்றாவது சிலிண்டர் என்று காட்டினால் அதன் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். எண் 0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை இடம் மாற்று, அதற்கப்புறம் இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன். காசு செலவில்லாத சோதனை இது. பத்து நிமிட வேலை. பொருளை மாற்றுவதற்கு முன் இப்படி ஒரு சோதனையை ஏன் யாரும் செய்யவில்லை என்று நான் பல நாள் யோசித்தேன்.

பண்டமாரான் பக்கம் ஒரு போர்மேன் இருக்கிறார் என்று தம்பிதான் சொன்னான். அறுபது வயது தாண்டியவர். போனதும் அவர் பானெட்டைத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "காலைல மொத ஸ்டார்ட்லயா, சூடானப்புறமா? ஏர்கோன் போட்டா கூடுதா? டி-யில மட்டுமா, என்-லயும் ஆடுதா? மேட்டுல ஏறும்போது இழுக்குதா, இழுக்கலையா?"

என்-லயும் ஆடுகிறது, மேட்டில் ஒன்றுமில்லை என்றேன். தலையாட்டினார். "டி-யில மட்டும் ஆடினா மவுண்டிங் ரப்பர் தேஞ்சிருக்கும்மா. அதை மிஸ்ஸுன்னு நெனச்சி பிளக் மாத்துறவங்க நெறைய பேர்." காயிலோ பிளக்கோ பலவீனமானால் பெரும்பாலும் பாரம் ஏறும்போதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். நம் வண்டி மேட்டில் சிங்கம் மாதிரி ஏறுகிறது, நின்றால் நடுங்குகிறது. அப்படியென்றால் வேறெங்கோ காற்று நுழைகிறது என்று அவர் பேச்சிலேயே முக்கால்வாசி கண்டுபிடித்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் நினைவு வைத்திருக்கிறேன். புகைக்குழாய் வாய்க்கு நேரே ஒரு பழைய பில் தாளைப் பிடித்தார். தாள் படபடத்தது, நடுநடுவே தடுக்கியது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஒவ்வொன்றாக நான்கிலும் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். தையல் இயந்திரம் போல டிக் டிக் டிக். நான்கிலும் ஒரே சத்தம். "எல்லாம் வேலை செய்யுது" என்றார்.

ஸ்கேனரை அவரும் மாட்டினார். ஆனால் கோளாறு எண்ணைப் பார்க்கவில்லை, ஓடும்போது மாறும் கணக்குகளைப் பார்த்தார். ஃபியூவல் டிரிம் என்று ஒரு வரி. காற்றுக்கு ஏற்ற எண்ணெய் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினால் எத்தனை சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது என்பதை அது காட்டும். வண்டி நிற்கும்போது 22. எண்ணெயை மிதித்து 2,500 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்ததும் 4. அந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

பொட்டலம் கட்டித் தரும் தே ஐஸை உறிஞ்சும் குழாயில் ஊசி ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? மெதுவாக உறிஞ்சினால் காற்றுதான் வரும். வேகமாக இழுத்தால் தேநீர் வந்துவிடும், ஓட்டை இருப்பதே தெரியாது. என்ஜினும் அப்படித்தான். நிற்கும்போது திராட்டில் என்ற காற்றுக் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, உள்ளே போகும் காற்று மிகக் கொஞ்சம். அந்த நேரத்தில் சென்சாருக்குத் தெரியாமல் வேறு வழியில் சிறிது காற்று புகுந்தாலும் கலவை கெட்டுப்போகும்.

சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டைச் சுற்றி அடித்துக்கொண்டே வந்தார். (சிலர் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். சூடான என்ஜினில் அது தீப்பிடிக்கும், வீட்டில் யாரும் செய்ய வேண்டாம்.) ஒரு இடத்தில் சத்தம் மாறியது. நுரை உள்ளே இழுக்கப்பட்டது. பிசிவி ஹோஸ். என்ஜினின் அடிவயிற்றில் தேங்கும் எண்ணெய் ஆவியைத் திரும்ப மேலே இழுத்து எரிக்கக் கொண்டுபோகும் ரப்பர் குழாய், ஒரு சாண் நீளம்கூட இல்லை. மேலிருந்து பார்த்தால் புதிது போல இருந்தது. கழற்றி வளைத்ததும் அடிப்பக்கத்தில் வெடிப்பு வாய் திறந்தது. பதினைந்து வருட வெக்கையிலும் எண்ணெய் ஆவியிலும் ரப்பர் மரக்கட்டையாகிவிட்டது. ஹோஸ் 18 வெள்ளி. கூலி 80. அரை மணி நேரத்தில் டிரிம் 3க்கு இறங்கியது.

இப்படிப்பட்ட வண்டிகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. எக்சோராவும் ஆல்சாவும் 2009இல் வந்தவை. அந்தத் தலைமுறை வண்டிகள் பதினைந்து வயதைத் தாண்டிவிட்டன, இன்னும் பள்ளிக்கும் கல்யாணத்துக்கும் பத்துமலைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீ மூடா பக்கம் மூழ்கி எழுந்த வண்டிகளில் வயர் இணைப்புகள் இன்றைக்கும் பச்சை பூத்துக் கிடக்கும். அவற்றுக்கு வரும் மிஸ் வேறு ரகம். வால்வு கவர் கேஸ்கெட் கசிந்து பிளக் குழியில் எண்ணெய் தேங்கி வருவது இன்னொரு ரகம். கார் வைத்திருப்பவர்களே, ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேனடையை உருக்கிவிடும். அது 18 வெள்ளியில் முடியாது.

அப்படி ஒரு சோதனையை முதல் இரண்டு இடத்திலும் ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்குப் பதில் எனக்குப் பணம் கொடுக்கும்போது கிடைத்தது. 480 வெள்ளி காயிலுக்கு நான் பேரம் பேசவில்லை. பெட்டியும் பிளாஸ்டிக் உறையுமாகப் பொருளைக் கண்ணால் பார்த்தேன், கொடுத்தேன். 80 வெள்ளி கூலி என்றதும் "ஒரு ஹோஸுக்கா?" என்று கேட்க வாய் வரை வந்தது. நாம் எல்லாரும் இதைத்தான் செய்கிறோம். பொருளுக்குக் கொடுப்போம், யோசித்ததற்குக் கொடுக்க மாட்டோம். "ஒரு மணி நேரம் பார்த்தேன், கோளாறு இன்னதுன்னு கண்டுபிடிச்சேன், 100 வெள்ளி" என்று எந்த போர்மேனாவது பில் எழுதினால் அடுத்த கடைக்குப் போய்விடுவோம். குறுக்காக வைத்த வி6 என்ஜின் வேன்கள் பலவற்றில் பின்வரிசை மூன்று பிளக்கை எடுக்க மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும். அந்தக் கூலியை யாரும் தரமாட்டார்கள் என்று முன்வரிசை மூன்றை மட்டும் மாற்றி அனுப்பும் இடங்கள் உண்டு. பார்க்கிற வேலைக்குக் கூலி கிடைக்காத ஊரில் பொருளை விற்றுத்தான் பிழைக்க முடியும். அந்த இரண்டு ஒர்க்‌ஷாப் மேலும் எனக்கு இப்போது கோபமில்லை. போர்மேனுக்கு 150 கொடுத்தேன். 50ஐத் திருப்பி நீட்டினார், நான் வாங்கவில்லை.

கிளம்பும்போது பின்கதவைத் திறந்து அட்டைப்பெட்டியைக் காட்டினேன். பழைய காயில் நான்கையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் மூக்கைத் துணியால் துடைத்தார். "நாலும் ஒரிஜினல், நாலும் நல்லாயிருக்கும்மா. இப்ப மாட்டியிருக்கிறது கிளோன். துணில சுத்தி வண்டியிலேயே வைங்க. அது போனா இதைக் கொண்டாங்க, மாட்டித் தர்றேன்."

அம்மாவின் பழைய புடவைத் துண்டில் சுற்றி, ஸ்பேர் டயர் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.