உறுதிமொழியில் விடுபட்ட தொடர்

கேரளத்தின் 15ஆவது சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 140 உறுப்பினர்களில் பெரும்பாலோர் 2021 மே 24 அன்று மலையாளத்தில் உறுதிமொழி ஏற்றனர். மஞ்சேஸ்வரம் உறுப்பினர் ஏ.கே.எம். அஷ்ரப் கன்னடத்திலும், தேவிகுளம் உறுப்பினர் தோழர் ஏ. ராஜா தமிழிலும் ஏற்றனர். சில நாட்களுக்குள் ஒரு குறை வெளிப்பட்டது. ராஜாவுக்கு அளிக்கப்பட்ட தமிழ் வாசகத்தில், கடவுளின் பெயரால் ஆணையிடுவதாகவோ உளமார உறுதி கூறுவதாகவோ சொல்லும் தொடரே இல்லை. ஜூன் 2 அன்று அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 193ஆவது பிரிவின்படி, நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் 2,500 ரூபாய் அபராதமும் அவர்மீது விதிக்கப்பட்டது.

எழுதிக் கொடுத்தவர் வேறு. தண்டம் கட்டியவர் வேறு. விடுபட்டது அணிச்சொல் அன்று, வாசகத்தின் உயிர்ப்பகுதி. அது இல்லையேல் எஞ்சுவது உறுப்பினரின் எண்ணத்தைச் சொல்லும் கூற்றே தவிர, உறுதிமொழி ஆகாது. அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சில வரிகளில் அடங்கிவிடும் வாசகம் இது. அதையே சரிபார்க்க ஆளில்லை என்றால், பல பக்கச் சட்ட முன்வடிவுகளும் அரசாணைகளும் தமிழில் பிழையின்றி வரும் என எப்படி எதிர்பார்ப்பது?

கேரளச் சட்டமன்றத்தில் தமிழ் விருந்தாளி மொழி அன்று. 1954 தேர்தலில் திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்திற்குத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் 12 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சியில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ் மக்கள் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாயினர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. போராட்டத்தில் கோரப்பட்ட நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே நின்றன. அந்த எல்லையை மாற்றக் கோருவது இன்று எவருக்கும் பயன்தராது. எல்லைக்கு இப்பால் நின்ற மக்களுக்கு அளித்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்பதே கேள்வி.

தேவிகுளத்தில் தோட்டத் தொழிலாளர்களின் திரண்ட எண்ணிக்கை தமிழுக்கு அவையில் ஓர் இருக்கையைத் தருகிறது. காரக்கோணத்தின் நிலை வேறு. அது அடங்கிய குன்னத்துக்கால் ஊராட்சி பாறசாலைத் தொகுதியைச் சேர்ந்தது. 2021இல் அத்தொகுதி சி.கே. ஹரீந்திரனையும், அண்டைத் தொகுதியான நெய்யாற்றின்கரை கே. ஆன்சலனையும் தேர்ந்தெடுத்தன. இருவரும் மார்க்சிஸ்ட் தோழர்கள். இந்த எல்லைச் சிற்றூர்களில் ஒரே வீட்டில் இரு மொழிகள் புழங்கும். மண உறவும் சந்தையும் விளவங்கோடு வரை நீளும். மாவட்ட அளவில் கணக்கெடுத்தால் இம்மக்களின் தமிழ் கரைந்து காணாமற்போகும்.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் கடிதத் தொடர்பு கொள்ள வழிசெய்தது. உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே அவ்வுரிமை பொருந்தும். எனவே பகுதியை எந்த அளவுகோலால் வரையறுப்பது என்பது புள்ளிவிவரச் சிக்கல் மட்டுமன்று; ஒரு மூதாட்டி கிராம அலுவலகத்தில் தன் மொழியில் மனுக் கொடுக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் அரசியல் முடிவு அது.

மொழிவழி மாநிலத்திற்காக முன்னணியில் நின்றது கம்யூனிஸ்ட் இயக்கம். மக்கள் தங்கள் மொழியிலேயே ஆளப்பட வேண்டும் என்பதே அக்கோரிக்கையின் சாரம். அதே நெறி மாநிலத்தின் எல்லைக்கோட்டருகே வந்ததும் நின்றுவிடலாகாது. கட்டாய ஆட்சிமொழி தேவையா என 1914இல் வினவிய லெனின், எந்த மொழிக்கும் தனியுரிமை அளிப்பதை ஏற்கவில்லை. மலையாளம் நிர்வாகத்தில் ஆங்கிலத்தின் இடத்தைப் பெறுவது முற்போக்கானது. தமிழின் இடத்தையோ கன்னடத்தின் இடத்தையோ அது எடுத்துக்கொண்டால் அந்த முற்போக்கு அங்கேயே பின்வாங்குகிறது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. சட்டமன்றச் செயலகத்தில் நிரந்தரமான தமிழ், கன்னட மொழிபெயர்ப்புப் பிரிவுகள் அமைய வேண்டும். உறுதிமொழி வாசகங்களைச் சட்டமும் மொழியும் அறிந்தோர் சரிபார்த்து, அதிகாரபூர்வமாக வெளியிட வேண்டும். தாய்மொழியில் பேசுவதற்கு 210ஆவது பிரிவு அவைத்தலைவர் வழியே தரும் அனுமதி, உடனடி மொழிபெயர்ப்பு வசதி இருந்தால்தான் பயனுடையதாகும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளை ஊராட்சி வாரியாகக் கணக்கிட வேண்டும். தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க வலியுறுத்தும் 350அ பிரிவு, எல்லையோரப் பள்ளிகளில் ஆசிரியர் நியமனமாக வடிவம் பெற வேண்டும்.

இக்கோரிக்கைகளைத் தமிழ் பேசும் உறுப்பினர் ஒருவர் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. மலையாளத்தில் உறுதிமொழி ஏற்கும் உறுப்பினர்களே இவற்றை முன்மொழிய வேண்டும். குறிப்பாக, இடதுசாரிகள் முதலில் எழ வேண்டும். சிறுபான்மை மொழியின் உரிமையைப் பெரும்பான்மை மொழியினர் தம் உரிமையாகக் கருதிக் கேட்கும்போதுதான் மொழிவழி மாநிலம் ஜனநாயக மாநிலமாகிறது.