நீதிமன்றத்துக்கும் சங்கம் வரவேண்டும்

தேயிலையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத நமது பிள்ளைகள் கொழும்புக்கு மட்டும் போவதில்லை. யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் போகிறார்கள்; பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப்பகுதிக்கும் போகிறார்கள். அங்கே ஒரு கைகலப்பிலோ, காணாமற்போன பொருள் பற்றிய சந்தேகத்திலோ ஒருவன் பிடிபட்டால், இடம் வேலணையானாலும் நெடுந்தீவானாலும் அவனைக் கொண்டுபோவது ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்கு. லயத்திலுள்ள தாய்க்குச் செய்தி வரும்போது இரவாகிவிடும். யாரைப் பிடிப்பது என்று அவள் முதலில் கேட்பது தோட்டத் தலைவரிடம்தான்.

தலைவரும் அட்டனில் தெரிந்த சட்டத்தரணியிடம் ஓடுகிறார். அவர் யாழ்ப்பாணம் போய்வர வாகனச் செலவு, ஒவ்வொரு தவணைக்கும் கட்டணம். 2024 இல் பெரும்பாடுபட்டு 1,350 ரூபாவாக்கிய நாட்சம்பளத்தில் இது எத்தனை நாள் கொழுந்து என்று கணக்குப் பாருங்கள். தோடு அடகுக்குப் போகிறது. இரண்டாம் தவணைக்குச் சட்டத்தரணி வருவதில்லை. சிறிய வழக்குக்கு வேண்டியவர், அந்த நீதிமன்றத்தில் வழமையாகத் தோன்றும் சட்டத்தரணி. வசதியில்லாதவர்களுக்கு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. வருமானத்தைக் காட்டவேண்டும். சம்பளச் சீட்டு கையில் இருக்கும் நமக்கு அது கடினமல்ல. நீதிமன்ற வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

நேரம்தான் முக்கியம். பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை; பயண நேரம் அதில் சேராது. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகில் வரும் நேரம் அப்படிக் கழிந்துவிடும். அந்த இடைவெளியிலேயே சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்குப் போகலாம். 2012 ஆம் ஆண்டின் பொலிஸ் விதிகள் அதற்கு இடம் தருகின்றன.

ஊர்காவற்றுறையில் வழக்கு தமிழில் நடக்கும். மலையகத்தில் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் வாயால் கேட்டுப் பழகிய நமக்கு இது ஆறுதல். ஆனால் நீதிமன்றத் தமிழும் தனித் தமிழ்தான். "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்பார்கள். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர். இரண்டு சொல்லுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்; கூண்டில் நடுங்கி நிற்கும் இருபது வயதுப் பையன் காதில் இரண்டும் ஒன்றாகவே விழும். பக்கத்தில் நிற்பவர் "ஒத்துக்கொள், தண்டப்பணத்தோடு முடியும்" என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு முடிந்ததுபோலத்தான் இருக்கும். பிறகு வெளிநாடு போகப் பொலிஸ் நற்சான்று கேட்கும்போது அந்தத் தீர்ப்பு முன்னே வந்து நிற்கும். சிறு குற்றமாயின், முன்பின் வழக்கில்லாத ஒருவரைக் குற்றத்தீர்ப்பு அளிக்காமலே எச்சரித்து விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதைக் கேட்பதற்கே ஒருவர் வேண்டும்.

அடுத்தது பிணை. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதே பொதுவிதி, மறுப்பது விதிவிலக்கு. ஆனாலும் நமது பிள்ளைகள் விளக்கமறியலில் கிடக்கிறார்கள். காரணம் சட்டமல்ல, பிணையாளி. தீவில் உறவினர் இல்லை. முதலாளி பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்வார். மலையகத்திலிருந்து போகிறவர் அடையாள அட்டையோடு கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழையும் கொண்டுபோகாவிட்டால், இரவு பஸ்ஸில் வந்தும் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான்.

ஊர்காவற்றுறை நீதிமன்றத்தைப் பத்திரிகைகளில் நாம் அதிகம் காண்பது தமிழக மீனவர் வழக்குகளில். அவர்களைப் பார்க்க யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகம் வருகிறது. வரவேண்டியதுதான். நமது பையனைப் பார்க்க யார் வருவார்?

இதெல்லாம் சங்க வேலையா என்று கேட்பவர்கள் செல்வநாயகம் வழக்கை நினைவுகொள்ள வேண்டும். வெளியேறச் சொல்லியும் தன் வீட்டிலேயே இருந்த தோட்டத் தொழிலாளிமீது குற்றமுறை அத்துமீறல் என்ற சிறு வழக்கு. அது லண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போனது. 1950 இல் முடி தரப்பு தோற்றது: வீட்டில் தொடர்ந்து இருப்பதே அவர் நோக்கம், துரையைத் தொந்தரவு செய்வதல்ல என்று தீர்ப்பானது. முதல் நாளிலேயே குற்றத்தை ஒத்துக்கொண்டிருந்தால் அந்தத் தீர்ப்பு நமக்குக் கிடைத்திராது.

ஆகவே மாவட்டக் காரியாலயங்களிடம் கேட்கிறோம். வடக்கில் வேலை செய்யும் அங்கத்தவர் பிள்ளைகளின் பெயரும் இடமும் தோட்டக் கமிட்டியிடம் இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலும் ஊர்காவற்றுறையிலும் தோன்றும் சட்டத்தரணிகள் இருவர் மூவரோடு இப்போதே பேசிக் கட்டணத்தை முடிவுசெய்யுங்கள். பிணை நிற்க வருவோருக்குப் பயணச் செலவைச் சந்தாப் பணத்திலிருந்து கொடுக்க அடுத்த பேராளர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.